சென்னையைச் சுத்தி மணல் பாதைகள்ல போட்டோ எடுக்கப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுசா கேமரா வாங்கினவங்க நிறைய பேர் முதல்ல கேக்குறது, வைல்ட்லைஃப் எடுக்கணும்னா முதுமலைக்கோ கபினிக்கோ போயே ஆகணுமா, ஜீப் சஃபாரி புக் பண்ணணுமான்னுதான். வேண்டவே வேண்டாங்க. சென்னையில இருந்து வடக்கே போனா பழவேற்காடு, தெற்கே ஈசிஆர் பிடிச்சா முட்டுக்காடு, கோவளம், இன்னும் கீழ மரக்காணம், இங்கெல்லாம் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவுல விட்டு விட்டு மணல் திட்டு இருக்கு, மீன் ஏத்துற வண்டியும் டிவிஎஸ் 50யும் போய்ப் போய் விழுந்த தடம் அதுக்குள்ள ஓடும். அந்தத் தடத்துல நிலக்காட்சியும் கிடைக்கும், பறவையும் கிடைக்கும், நண்டு, ஓணான், அதிகாலையில போனா நரி கூட கண்ணுல படும்.

ஆனா மணல்ல போட்டோ எடுக்குறது காட்டுல எடுக்குற மாதிரி இல்ல. மறைஞ்சுக்க மரம் கிடையாது, வெயில் சீக்கிரம் ஏறிடும், காத்து அடிச்சா கேமராவுக்குள்ள மண்ணு. அதனால முன்கூட்டியே போய், ஒரே இடத்துல உக்காந்து, தாழ இருந்து எடுக்கிறவங்களுக்குத்தான் இங்க படம் அமையும். கீழ நான் சொல்றது எல்லாம் இதுக்கான ஏற்பாடுதான்.

எங்க, எப்போ

முதல் தடவையே பழவேற்காடு போகாதீங்க. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் ரோட்டோரமா பாதுகாப்பான இடத்துல நின்னு ரெண்டு மூணு காலை பறவைகளைப் பாருங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சர் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்தது, நடு ஊருக்குள்ள இப்படி ஒரு இடம் இருக்கிறது நம்ம பாக்கியம். எந்தப் பறவை எவ்வளவு தூரத்துல பயப்படும், உங்க லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும்னு அங்கயே தெரிஞ்சுரும், மணல்ல இறங்கின பிறகு இதைக் கத்துக்க நேரம் இருக்காது.

அடுத்தது கேளம்பாக்கம் - கோவளம் ரோடு. ரெண்டு பக்கமும் உப்பங்கழி, கோவளம் பக்கம் வந்தா முகத்துவாரம், மணல். வீட்ல இருந்து கிளம்பி காலை டிபனுக்குத் திரும்பிடலாம்.

அப்புறம் பழவேற்காடு. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்புநீர் ஏரி, சென்னையில இருந்து சுமார் 55, 60 கிலோமீட்டர். வண்டி இல்லாதவங்க கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயின்ல பொன்னேரி இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்கலாம், ஆனா அப்படிப் போனா விடியறதுக்குள்ள போய்ச் சேர முடியாது, அதனால மாலை வெளிச்சத்துக்குப் பிளான் பண்ணுங்க. ஊருக்குள்ள டச்சுக்காரங்க கல்லறை இருக்கு, வெயில் நேரத்துல அதைப் பாத்துட்டு வெளிச்சம் சாயும்போது பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனா மணல் பாதை ஆரம்பிச்சுரும்.

இன்னும் தெற்கே போக நேரம் இருந்தா மரக்காணம் உப்பளமும் அதை ஒட்டின கழுவெளியும். கழுவெளி 2021ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, 2024ல ராம்சர் தளமும் ஆச்சு. உப்புப் பாத்தியில தண்ணி கட்டியிருக்கும்போது வானம் முழுசா அதுல தெரியும், நிலக்காட்சி எடுக்க ஆசைப்படுறவங்களுக்கு நான் முதல்ல சொல்ற இடம் இதுதான். ஆனா பாத்தி வரப்பு மேல நடக்க அங்க வேலை செய்யறவங்க கிட்ட கேட்டுட்டு இறங்குங்க, அது அவங்க பொழப்பு, மிதிச்சா வரப்பு உடையும்.

மாசம்னு பாத்தா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வலசை வர்ற பறவைகள் இருக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழைக்காலமும் கூடங்கிறதால ஏரி ரொம்ப நிறைஞ்சிருந்தா பூநாரை (ஃபிளமிங்கோ) மாதிரி நடந்து மேயறதுங்க ஆழம் குறைஞ்ச பக்கம் ஒதுங்கிடும், தண்ணி வடிய ஆரம்பிக்கிற ஜனவரி, பிப்ரவரிதான் எனக்குப் பிடிச்ச காலம். ஏப்ரல், மே, ஜூன்ல வலசைப் பறவை குறைவு, ஆனா விசிறி ஓணான் அப்பத்தான் ஆட்டம் போடும், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

என்ன எடுத்துட்டுப் போறது

பெரிய லென்ஸ் இல்லைன்னு கவலைப்படாதீங்க. கேமராவோட கிட்ல வர்ற 18-55 லென்ஸ் நிலக்காட்சிக்குப் போதும், கூட ஒரு 70-300 இருந்தா ஆரம்பத்துக்கு நிறைவா வேலை செய்யும். பறவைதான் உங்க வழின்னு தெளிவான பிறகு 100-400 அல்லது 150-600 யோசிங்க, அதுவும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்க, அந்த எடையைத் தூக்கிட்டு மணல்ல ஒரு கிலோமீட்டர் நடந்து பாத்தாத்தான் அது உங்களுக்கு ஒத்து வருமான்னு தெரியும். போன் மட்டும்தான் இருக்குன்னாலும் வாங்க, விடியல், தடம், நண்டு வளை, பனை எல்லாத்துக்கும் போன் போதும், எடுக்குறதுக்கு முன்னாடி லென்ஸை மட்டும் ஒரு தடவை துடைச்சுக்குங்க, கடல் காத்துல உப்புப் படலம் ஒட்டிக்கிட்டு படமெல்லாம் புகை படிஞ்ச மாதிரி வரும்.

டிரைபாடை விட பீன் பேக் அதிகம் உதவும். கடையில விலை குடுத்து வாங்க வேண்டியதில்ல, பழைய ஜீன்ஸ் காலை முழங்காலுக்குக் கீழ வெட்டி தெருமுனை டெய்லர் கிட்ட ஒரு பக்கம் தைச்சு, இன்னொரு பக்கம் ஜிப் வெச்சு வாங்கிக்குங்க, உள்ள ரெண்டு கிலோ அரிசி. கார் ஜன்னல் மேல வெச்சா லென்ஸ் அசையாது, மணல்ல படுத்து எடுக்கும்போது லென்ஸுக்குத் தலையணை. அங்க போய் மணலை அள்ளி நிரப்பிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, தையல் வழியா பொடி மண்ணு கசிஞ்சு நேரா ஜூம் ரிங்குல போய் உக்காரும்.

ராக்கெட் புளோயர் ஒண்ணு, மைக்ரோ ஃபைபர் துணி ரெண்டு (ஒண்ணு கீழ விழுந்து மண்ணானா அதோட கதை முடிஞ்சது), கேமரா முழுசா போற அளவுக்கு ஜிப் லாக் கவர், பழைய பெட்ஷீட் இல்லன்னா தார்பாய் துண்டு, முழு கை சட்டை, தொப்பி, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. செருப்போட போகாதீங்க, ஷூ கட்டாயம். சீமைக் கருவேல முள்ளு ரப்பர் செருப்பை அப்படியே குத்திக்கிட்டு மேல வரும், மணல் மேட்டுல ராவணன் மீசைப் புல்லு ஊசி மாதிரி கால்ல ஏறும், புதர் ஓரத்துல விரியன் பாம்பும் இருக்கும். இருட்டுல நடக்கும்போது டார்ச் அடிச்சுப் பாத்து கால் வைங்க. யாருக்காவது பாம்பு கடிச்சிட்டா கட்டு போடுறது, கீறுறது எல்லாம் வேண்டாம், 108க்கு போன் பண்ணி அசையாம வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஏசி கார்ல கேமராவை வெச்சுட்டு வந்து கடற்கரையில கதவைத் திறந்தா, வெளிய இருக்கிற ஈரக் காத்து குளிர்ந்த லென்ஸ் மேல பட்டு உடனே பனி பூத்துடும், துடைக்கத் துடைக்க வரும், சூரியன் உதிக்கிற அந்தப் பத்து நிமிஷம் அப்படியே போயிடும். இடம் வர்றதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி ஏசியை நிறுத்தி ஜன்னலை இறக்கிடுங்க, இல்லன்னா பேக்கை டிக்கியில வைங்க.

வண்டி

சாதாரண கார்ல வர்றவங்க தார் ரோடு முடியற இடத்துலயே நிறுத்திட்டு நடங்க. மேல பாத்தா கெட்டியாத் தெரியும், நாலடி உள்ள போனா சக்கரம் புதைஞ்சுரும். ஃபோர் வீல் டிரைவ் இருந்து, தடம் ஏற்கனவே இருந்து, ஊர்க்காரங்க போகலாம்னு சொன்னா மட்டும் போங்க. டயர் காத்தை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்குங்க, டயர் அகலமாப் படிஞ்சு மணல் மேல மிதக்கிற மாதிரி போகும். ஒரே சீரான வேகம், திடீர் பிரேக் இல்ல, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பக் கூடாது. நிறுத்தணும்னா ஆக்சிலரேட்டரை விட்டு அதுவா நிக்க விடுங்க, கொஞ்சம் இறக்கமா இருக்கிற இடத்துல நிறுத்தினா திரும்பக் கிளப்புறது சுலபம். புதைஞ்சுட்டா ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க, மிதிக்க மிதிக்க குழி ஆழமாகும். இறங்கி சக்கரத்துக்கு முன்னாடி மண்ணைத் தள்ளி, கார்ல காலடியில போடுற மேட்டையோ காய்ஞ்ச பனை மட்டையையோ அடியில குடுத்து மெதுவா எடுங்க. தார் ரோடுக்கு வந்ததும் காத்து திரும்ப அடிக்க ஒரு சின்ன பம்ப் கையில இருக்கணும், குறைஞ்ச காத்துல ஹைவேயில வேகமா ஓட்டுறது ஆபத்து. பைக்ல வர்றவங்க முன் பிரேக்கைத் தொடாதீங்க, உடம்பைப் பின்னாடி சாய்ச்சு ஓட்டுங்க.

தடத்தை விட்டு மணல் மேட்டு மேலயும் அலை ஓரத்துலயும் வண்டி ஏத்தவே கூடாது. அந்த மேட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிறதே அடம்புக் கொடியும் ராவணன் மீசையும்தான், டயர் ஏறினா வேர் அறுந்து மணல் பறக்க ஆரம்பிச்சுரும். மணலுக்கு உள்ள ஆமை முட்டை இருக்கலாம், ஆள்காட்டி, சின்ன ஆலா எல்லாம் வெறும் மணல்லயே முட்டை போடும், சீட்ல உக்காந்து பாத்தா அந்த முட்டை கூழாங்கல் மாதிரிதான் தெரியும்.

வண்டியில இருக்கிறவரைக்கும் வண்டியே நல்ல மறைப்பு. பறவைகள் கார் பக்கத்துல வந்தாலும் அவ்வளவாக் கண்டுக்காது, மனுஷன் கதவைத் திறந்து கால் வெச்ச உடனே எழும்பிடும். அதனால தடத்து ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைச்சு (ஓடிக்கிட்டிருந்தா படம் அதிரும்), ஜன்னல்ல பீன் பேக் வெச்சு காத்திருங்க. போஸ்ட் கம்பி மேல பனங்காடை, பஞ்சுருட்டான் எல்லாம் ஒரே கம்பிக்குத் திரும்பத் திரும்ப வரும், பூச்சியைப் பிடிச்சுட்டு அதே இடத்துக்கு வந்து உக்காரும், ஃபோகஸை அங்க வெச்சுக்கிட்டு அது திரும்பி வர்றதை எடுங்க.

போய் நின்னதும் முதல்ல பாக்க வேண்டியது வெளிச்சம்

நம்ம பக்கம் கடல் கிழக்கே, உப்பங்கழி மேற்கே, நடுவுல மணல். இந்த ஒரு அமைப்பை மனசுல வெச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீர்ந்துரும். சூரியன் உதிக்கிறதைக் கடல் பக்கம் பாத்து எடுங்க, எடுத்து முடிச்ச உடனே கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உப்பங்கழியைப் பாருங்க, இப்போ வெளிச்சம் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்து நேராப் பறவை மேல விழும், இறகோட நிறம், கண்ணுல மின்னுற புள்ளி எல்லாம் கிடைக்கும். சாயங்காலம் இதே இடத்துல நின்னா மேற்கே சூரியன், பறவையும் பனையும் நிழலுருவமாத் தெரியும், அதுக்கு அது அழகு. சாயங்காலம் நிறம் வேணும்னா உப்பங்கழிக்கு மேற்குக் கரைக்குப் போகணும்.

ஜூன் ஆரம்பத்துல 5:40க்கெல்லாம் சூரியன் வந்துரும், ஜனவரி கடைசியில 6:35 ஆகும். எதுவானாலும் அதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும். ஒன்பது மணி தாண்டினா மணல் சூடாகி அது மேல காத்து நடுங்க ஆரம்பிக்கும், கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது, ஆனா பெரிய லென்ஸ்ல தூரமா எடுத்த படமெல்லாம் கரைஞ்ச மாதிரி வரும். லென்ஸ் ரிப்பேர்னு நினைச்சு சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீங்க. இதுக்கு எந்த செட்டிங்கும் மருந்து கிடையாது, சீக்கிரம் போறது, கிட்ட இருக்கிறதை எடுக்கிறது, அவ்வளவுதான்.

காத்தும் முக்கியம். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காத்துக்கு எதிர் முகமாத்தான் இருக்கும். குளிர் மாசத்துல வாடைக் காத்து வடக்கு, வடகிழக்கு பக்கம் இருந்து வரும், காலை வெயில் தென்கிழக்குல இருந்து வரும், அதனால கிழக்கு ஓரமா நின்னா பறவை உங்களுக்குப் பக்கவாட்டுல முகம் தெரியற மாதிரி எழும்பும், வெளிச்சமும் சரியா விழும். ஜனவரி காலை இவ்வளவு நல்லா அமையறதுக்கு இதுவும் ஒரு காரணம். நேர்மாறா வெயில் காலத்துல மதியத்துக்கு மேல கடல் காத்து கிளம்பினா மணலையும் உப்பையும் சேர்த்து அள்ளிக்கிட்டு வரும், அப்போ கேமராவை உள்ள வெச்சுருங்க.

மணலை எடுக்கிறது

விடிஞ்சு முதல் அரை மணி, முக்கால் மணி நேரம் வெயில் படுக்கையா வரும்போது மட்டும்தான் மணல்ல காத்து போட்ட வரிகள் தெரியும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் நிழல் விழும். சூரியன் கொஞ்சம் ஏறிட்டா அதே இடம் வெறும் வெள்ளைத் தாள். அதனால இந்த நேரத்துல பறவை பின்னாடி ஓடாம மணலை முதல்ல எடுங்க. வெயிலுக்குப் பக்கவாட்டா நில்லுங்க, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்க, முன்னாடி வரி, நடுவுல வண்டித் தடம் வளைஞ்சு போகணும், தூரத்துல ஒத்தைப் பனையோ சவுக்குத் தோப்போ. அபர்ச்சர் (லென்ஸ் வாய் திறக்கிற அளவு) எஃப் 8ல இருந்து எஃப் 11க்குள்ள, ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணர்ற அளவு) 100 அல்லது 200, கடல் கோடு சாயாம இருக்கான்னு கிரிட் போட்டுப் பாத்துக்குங்க.

எடுக்கப் போற இடத்துல நீங்களே நடந்துடாதீங்க. சுத்தி ஓரமா வாங்க, கூட வந்தவங்களையும் பின்னாடியே நிக்கச் சொல்லுங்க, ஒருத்தர் குறுக்க நடந்துட்டா அன்னைக்கு அந்த மணல் முடிஞ்சது.

கேமராவுக்கு வெள்ளை மணல்னா குழப்பம். உப்பளம், காய்ஞ்ச மணல் எல்லாத்தையும் அது சாம்பல் ஆக்கப் பாக்கும், அதனால எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) +0.7ல இருந்து +1 வரைக்கும் வைங்க, ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படி இருக்குன்னு திரையில காட்டுற வரைபடம்) வலது ஓரத்துல முட்டாம இருக்கணும். இதுக்கு நேர் எதிரா, இருண்ட தண்ணியில ஒரு வெள்ளைக் கொக்கு நின்னா -0.7, -1 இறக்கணும், இல்லன்னா இறகெல்லாம் வெளுத்து ஒரு விவரமும் இருக்காது. ரா ஃபார்மட்ல (கேமரா பதிவு பண்ணினதை அப்படியே வெக்கிற வகை) எடுங்க, திருத்த இடம் இருக்கும்.

அடம்புக் கொடி பூத்திருந்தா விடாதீங்க. காலையில ஊதாக் கலந்த ரோஸ் நிறத்துல விரிஞ்சு, மதியத்துக்குள்ள வாடிடும். படுத்து, பூவை முன்னாடி வெச்சு பின்னாடி அலையை மங்கலா விட்டு எடுத்தா நெய்தல் நிலம்னா என்னன்னு அந்த ஒரு படத்துல சொல்லிடலாம்.

உயிரினங்கள்

தேடி நடக்குறதுக்கு முன்னாடி மணலைப் படிங்க. ராத்திரி யாரெல்லாம் வந்தாங்கன்னு அதுல எழுதியிருக்கும். விளிம்பு கூர்மையா இருக்கிற தடம் புதுசு, மழுங்கினது பழசு. ஒரு தடத்து மேல நண்டு ஓடின கோடு இருந்தா அந்தத் தடம் நண்டு ஓடுறதுக்கு முன்னாடியே விழுந்தது. நாயோட தடமும் நரியோட தடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், நாய் இங்கயும் அங்கயும் மோந்துக்கிட்டு வளைஞ்சு போகும், நரி கோடு போட்ட மாதிரி நேராப் போகும். நரித் தடம் தண்ணி ஓரத்துக்குப் போயிருந்தா மறுநாள் விடியக்காலை காத்துக்குக் கீழ்ப் பக்கமா, வாசனை அதுக்கு எட்டாத இடத்துல புதர் ஓரம் உக்காந்து பாருங்க.

ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் குடுக்கிற முதல் பாடம் நண்டுதான். உங்க முஷ்டி போற அளவு வளை, வாசல்ல விசிறி மாதிரி சிதறின மண்ணு ஈரமா, கருப்பா இருந்தா உள்ள ஆள் வேலை பாத்துக்கிட்டு இருக்கார்னு அர்த்தம். வளையில இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி பெட்ஷீட் போட்டுப் படுங்க, முழங்கையை ஊன்றி லென்ஸை மணல் மட்டத்துக்கு இறக்குங்க, வளை வாசல்ல ஃபோகஸ் வெச்சு அசையாம இருங்க. காலடி அதிர்வு அதுக்கு நல்லாத் தெரியும், அதனால பக்கத்துல யாரும் நடக்கக் கூடாது. அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ கழிச்சு முதல்ல ரெண்டு கண்ணு மட்டும் குச்சி மாதிரி மேல வரும். அப்போ அவசரப்பட்டு படபடன்னு அழுத்தாதீங்க, சத்தத்துக்கு உள்ள போயிடும், சைலண்ட் ஷட்டர் இருந்தா போட்டுக்குங்க. அப்புறம் பாதி உடம்பு வரும், நிக்கும், திரும்பவும் பாக்கும். ஆபத்து இல்லைன்னு தோணினா ஒரு பக்கக் காலால மண்ணை அணைச்சுக்கிட்டு வெளிய ஓடி வந்து வீசிட்டுத் திரும்பும், அந்த மண்ணு சிதறுற நொடிதான் படம், ஷட்டர் வேகத்தை 1/1000க்குக் குறையாம வைங்க. இதை ஒரு காலை முழுக்கப் பண்ணினீங்கன்னா காத்திருக்கிறது, தாழ இருக்கிறது, சரியான நொடியில அழுத்துறது மூணும் கைக்கு வந்துரும்.

விசிறி ஓணானும் இதே மாதிரிதான். கோடையில ஆண் ஓணான் சின்னக் கல்லு, காய்ஞ்ச குச்சி மாதிரி ஏதாவது உயரம் பாத்து ஏறி நின்னு தொண்டைச் சவ்வை விசிறி மாதிரி விரிக்கும். ஒவ்வொண்ணுக்கும் பிடிச்ச இடம் இருக்கு, துரத்திட்டா கூட கொஞ்ச நேரத்துல அங்கயே வரும், அதனால துரத்தாதீங்க, அது நிக்கிற கல்லுக்கு முன்னாடி படுத்துக் காத்திருங்க. ஒளி பின்னாடி இருந்து வந்தா அந்தச் சவ்வு விளக்கு ஏத்தின மாதிரி தெரியும்.

இனி பூநாரை. எல்லாரும் கேக்குறது அதுதான். கூட்டமா தலையைத் தலைகீழாத் தண்ணியில விட்டுக்கிட்டு, காலால சேத்தைக் கலக்கிக்கிட்டு மேயும். மேயற வரைக்கும் அதுங்க நிம்மதியா இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு தலையைத் தூக்கினா பரவாயில்ல, நாலஞ்சு சேர்ந்து கழுத்தை நேரா நிமிர்த்திச்சுன்னா அங்கயே நில்லுங்க. எல்லாம் ஒரே திசையில நடக்க ஆரம்பிச்சா நீங்க ஏற்கனவே அதிகம் கிட்ட வந்துட்டீங்க, ரெண்டடி பின்னாடி போய் உக்காந்துடுங்க, திரும்பவும் தலை கீழ போகும். பறக்குற படம் வேணும்னு கல்லு எறியறவங்க, கை தட்டுறவங்க, படகை நேராக் கூட்டத்துக்குள்ள விடச் சொல்றவங்க இருக்காங்க, பாத்தா எனக்கு வயிறு எரியும். அவ்வளவு தூரம் பறந்து வந்து இங்க தீனி எடுக்கிற பறவையை நம்ம ஒரு படத்துக்காக திரும்பத் திரும்ப எழுப்பினா அது எப்போ சாப்பிடும், எப்போ உடம்பு தேத்தும்? காத்திருந்தா அதுங்களே ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாறும், தண்ணி மேல நாலஞ்சு அடி ஓடித்தான் எழும்பும், அந்த ஓட்டமே உங்களுக்கு முன்னறிவிப்பு.

செட்டிங் சுருக்கமா: நிக்கிற பறவைக்கு 1/500, பறக்கிறதுக்கு 1/1600க்கு மேல, அபர்ச்சர் லென்ஸ் குடுக்கிற அளவுக்குத் திறந்து விடுங்க, ஐஎஸ்ஓ ஆட்டோ, மேல் வரம்பு 3200. ஃபோகஸ் கன்டினியூவஸ் மோட்ல, பாயின்ட் கண்ணு மேல. கண்ணு கூர்மையா இல்லாத படத்தை யோசிக்காம அழிச்சுடுங்க. உள்ளான் (கரையோரம் மேயற சின்னப் பறவை) கூட்டம் அலை ஓரத்துல ஓடும்போது பின்னாடியே ஓடினா முதுகுதான் கிடைக்கும், அதுங்க போற திசைக்கு முன்னாடி தூரமாப் போய்ப் படுத்துடுங்க, மேய்ஞ்சுக்கிட்டே உங்க கிட்ட வரும்.

படகு எடுக்கிறதா இருந்தா லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25 அன்னைக்கு பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல இறந்தாங்க. ஏரி பல இடத்துல இடுப்பளவுதான், ஆனா முகத்துவாரத்துல இழுப்பு வேற மாதிரி இருக்கும், அங்க நீந்துறதோ கேமராவோட தண்ணியில இறங்குறதோ வேண்டாம்.

கூடாதவை

ஜனவரியில இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) நம்ம கடற்கரைக்கு முட்டை போட வரும். கரையில வெளிச்சம் தெரிஞ்சா முட்டை போடாமலே திரும்பிடும், குஞ்சு பொரிச்சு வந்தா வெளிச்சத்தைப் பாத்து கடலுக்குப் பதிலா ரோடு பக்கம் போகும். ஃப்ளாஷ், செல்போன் டார்ச், எதுவும் கூடாது. பெசன்ட் நகர், நீலாங்கரை கரையில 1988ல இருந்து மாணவர் ஆமைப் பாதுகாப்புக் குழு ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரிச்சுக் காப்பாத்துது, அவங்களோட நடக்க வாய்ப்பு கிடைச்சா போங்க, கேமராவை வீட்ல வெச்சுட்டே போங்க. குஞ்சுகளைக் கடல்ல விடும்போது பகல் வெளிச்சம் இருந்தா அப்போ எடுக்கலாம், அவங்க நிக்கச் சொல்ற கோட்டுக்கு வெளிய இருந்து. 2025 ஜனவரியில நூத்துக்கணக்கான ஆமைகள் செத்து சென்னைக் கரையில ஒதுங்கிச்சு. அப்படி ஒண்ணைப் பாத்தா முகம் சுளிச்சுட்டுப் போகாம, இடமும் நேரமும் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க, அந்தப் படத்துக்கும் மதிப்பு இருக்கு.

ஆள்காட்டி தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துதா, ஏதாவது சின்னக் குருவி றெக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு முன்னாடி ஓடுதா, பக்கத்துல கூடு இருக்கு. வந்த வழியிலயே காலடி பாத்துத் திரும்பிடுங்க. வெயில்ல தாய் கொஞ்ச நேரம் எழுந்து நின்னாலே முட்டை சூடேறிக் கெட்டுப் போகலாம். கூட்டோட இடத்தை நெட்ல லொகேஷன் போட்டுப் பகிராதீங்க, குரல் பதிவு போட்டுப் பறவையை வரவழைக்கிறதும் வேண்டாம்.

ட்ரோனை வீட்லயே வைங்க. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, தெற்கே கல்பாக்கம், ரெண்டும் கெடுபிடியான இடம், துறைமுகம் பக்கமும் கேமராவைத் திருப்பாதீங்க. அதைவிட, ட்ரோன் சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் எழும்பிடும். குப்பத்துக்குள்ள போகும்போது வலை பின்னுற அண்ணன்கிட்டயோ மீன் காய வைக்கிற அக்காகிட்டயோ ஒரு வணக்கம் சொல்லி, எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க. நேத்து பூநாரை எந்தப் பக்கம் மேய்ஞ்சது, எந்தத் தடம் தண்ணியில முழுகிடுச்சு, இதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். தனியாப் போகத் தயக்கமா இருந்தா மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி மாதிரி 1978ல இருந்து இயங்குற அமைப்புகள் இருக்கு, பொங்கல் சமயத்துல பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும், அதுல சேர்ந்துக்கிட்டா அனுபவம் உள்ளவங்க கூட இருப்பாங்க.

மணலை வீட்டுக்குக் கொண்டு வராம

மணல்ல லென்ஸ் மாத்தவே கூடாது. ரெண்டு லென்ஸ் வேணும்னா காருக்குள்ள போய், ஜன்னலை ஏத்திட்டு, கேமரா வாயைக் கீழ் நோக்கிப் பிடிச்சு மாத்துங்க. கண்ணாடி மேல மண்ணு தெரிஞ்சா துணியைக் கொண்டு போகாதீங்க, ஒரு பொடி மண்ணு போதும், கோடு விழுந்துரும். முதல்ல புளோயர், அப்புறம் பிரஷ், கடைசியாத்தான் துணி. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் படும். ஜூம் ரிங்கைத் திருப்பும்போது கரகரன்னு சத்தம் கேட்டா அதுக்கு மேல திருப்பாம கவர்ல போட்டுக் கொண்டு வந்து சர்வீஸ் பண்றவங்க கிட்ட குடுங்க.

டிரைபாட் கொண்டு போயிருந்தா அங்க விரிக்கும்போதே அடியில இருக்கிற மெல்லிசான காலைக் கொஞ்சம் இழுத்து விட்டுடுங்க, பூட்டு மணலுக்கு மேல நிக்கும். வீட்டுக்கு வந்ததும் மாடியில நல்ல தண்ணியில காலைக் கழுவி, விரிச்சபடியே நிழல்ல காய விடுங்க. கேமரா, லென்ஸ் வெளிப்பக்கம் லேசா ஈரத் துணியால உப்பைத் துடைச்சு, உடனே காய்ஞ்ச துணியால ஒரு தடவை. பேக்கைக் கவுத்துத் தட்டி வெயில்ல போடுங்க.

அடுத்தது பூஞ்சை. சென்னை ஈரத்துக்கு லென்ஸ் உள்ள பூஞ்சை பிடிக்கிறது ரொம்ப சகஜம், அதனால ஈரமான பேக்குக்குள்ளயே போட்டு அலமாரியில வெச்சுடாதீங்க. டிரை கேபினெட் (உள்ள ஈரத்தைக் கட்டுப்படுத்துற அலமாரி) இருந்தா 40ல இருந்து 50 சதவீதம் ஈரத்துல வைங்க. இல்லைன்னா கிச்சன்ல இருக்கிற மாதிரி ரப்பர் போட்டு இறுக மூடுற பிளாஸ்டிக் டப்பா, உள்ள நீலமா இருக்கிற சிலிக்கா ஜெல் பாக்கெட், கூட ஈரத்தைக் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். ஜெல் ரோஸ் நிறமா மாறினா வாணலியில குறைஞ்ச தீயில வறுத்து, நீலமானதும் ஆறவெச்சுத் திரும்பப் போடலாம், அந்த வாணலியை மட்டும் திரும்ப சமையலுக்கு எடுக்காதீங்க.